அக்கா பேரைச் சொன்னான்

— அப்போ என் பேரைச் சொல்லல.

— முதல்ல உக்காரு பாப்பா. இப்பத்தான் அவனை டாக்டர் ரூமுக்குத் தள்ளிட்டுப் போயிருக்காங்க. முதுகு, கை, கால்னு ஒண்ணொண்ணா பாத்து எழுதணும். நேரமாகும்.

— தலை பூரா நரைச்சுப் போச்சு. இத்தனை பேர் முன்னால பாப்பான்னு கூப்பிடாதீங்கண்ணே. சொல்லுங்க, என் பேரைச் சொல்லலையா?

— சொல்லல.

— பின்ன உங்க பேரா? உங்க பேர்னா எனக்கொண்ணும் வருத்தமில்ல. பெத்தவளுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகுது.

— கேளும்மா. நடந்ததை வரிசையா சொல்றேன். நடுவுல குறுக்க வராத.

— நான் எங்க குறுக்க வந்தேன்? வர விட்டாத்தானே. பொறந்ததுலேர்ந்து அவன் வாயா இருந்தவ நான். அவன் ஒரு எழுத்தை முழுங்கினாலும் எனக்குத் தெரியும். இன்னிக்கு ஒரு பொண்ணு, கழுத்துல அட்டையை மாட்டிக்கிட்டு, என் மூத்த பொண்ணு பெரியவ வயசுதான் இருக்கும், 'அம்மா நீங்க வெளிய இருங்க'ங்குது.

— அது அந்தப் பொண்ணு போட்ட சட்டமில்ல. பதினெட்டு முடிஞ்சா, மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் குடுக்கற தொகை நின்னுடும். பெரியவங்களுக்கான தொகை வேணும்னா எல்லாத்தையும் முதல்லேர்ந்து பாப்பாங்க. அவனைத்தான் கேப்பாங்க. இதுவரைக்கும் அவனுக்காகப் பணம் வாங்கினவங்க அந்த நேரத்துல பக்கத்துல இருக்கக்கூடாது. அவன் பேச்சைப் புரிஞ்சு சொல்றதுக்கு வேற சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கலாம். வாசல்லயே எழுதி ஒட்டியிருக்கான்.

— என்னத்த எழுதி ஒட்டினா என்ன. லிஃப்ட் ரிப்பேர் பண்ற மனுஷன் நீங்க. மாசத்துக்கு ஒரு தடவை வந்து அவன் முடியைக் கலைச்சுட்டுப் போவீங்க. அவன் பேச்சு உங்களுக்கு என்ன புரிஞ்சிருக்கும்?

— புரிஞ்சுது. புரியாததை ரெண்டு தடவை கேட்டேன். அவன் சலிச்சுக்கல.

— சரி சொல்லுங்க. முடியாததை முடியாதுன்னு சொன்னானா? நேத்து பூரா சொல்லிச் சொல்லி அனுப்பினேன். உன்னால என்னெல்லாம் முடியலையோ அதைச் சொன்னாத்தான்டா குடுப்பாங்க, பெருமைக்கு எதையாவது சொல்லிடாதேன்னு.

— சட்டைப் பொத்தானை நீங்களே போட்டுக்குவீங்களா தம்பின்னு உள்ள விசாரிக்கற மேடம் கேட்டாங்க. போடுவேன்னான்.

— கெடுத்தான்.

— அவங்க போட்டுக் காட்டச் சொல்லல. அவனே ஒரு பொத்தானைக் கழட்டினான். அப்புறம் போட ஆரம்பிச்சான். ஜன்னலுக்கு வெளிய ஒரு வேன் வந்து, பெட்டியெல்லாம் இறக்கி, கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பியும் போயிடுச்சு. இவன் இன்னும் பொத்தானை ஓட்டைக்கு நேரா கொண்டுவந்துட்டு இருக்கான். அந்த மேடம் பேனாவை மூடி வச்சிட்டுக் கீழ பாத்துட்டு இருந்தாங்க. நான் கையை நீட்டினேன். 'விடு மாமா'ன்னான்.

— போட்டானா?

— போட்டான். ஒரு ஓட்டை தள்ளிப் போச்சு. ஆனா போட்டான்.

— கோணலா ஏறியிருக்குமே. வெளிய வந்ததும் சரிபண்ணணும்.

— அப்புறம், வீட்டுல நாள் பூரா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. 'அம்மாவைப் பாத்துக்கறேன்'னான்.

— அம்மா பாத்துக்கறாங்கன்னு சொல்லியிருப்பான்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். அம்மா பாத்துக்கறாங்கன்னு மேடம்கிட்ட திருத்திச் சொன்னேன். அவன் என்னைப் பாத்துத் தலையாட்டினான், இல்லைன்னு. திரும்பவும் அதையேதான் சொன்னான்.

— அவனுக்கு அந்தச் சொல்லு எப்பவும் சிக்கும். உங்களுக்குப் புரியல. அதுக்குத்தான் நான் உள்ள இருக்கணும்கறது. சரி, பேர் கேட்டப்ப என்ன சொன்னான்?

— மேடம் நிதானமா விளக்கினாங்க. தம்பி, இப்ப நீங்க பெரியவர். உங்க பணத்தை வாங்கவும், உங்களுக்காகக் கையெழுத்துப் போடவும், உங்க சார்பா பேசவும் ஒருத்தரை வச்சுக்கலாம். யாரை வச்சுக்கணும்னு நீங்கதான் சொல்லணும், அம்மாவா இருக்கணும்னு கட்டாயமில்லைன்னாங்க.

— கட்டாயமில்லையாம். அவங்கப்பா எங்களை விட்டுட்டுப் போனப்பகூட இப்படி ஒரு சொல்லை நான் கேக்கல.

— பாப்பா.

— சரி, சொல்லுங்க.

— 'அக்கா'ன்னான்.

— அக்காவா?

— தண்ணி குடி. இந்தா.

— வேண்டாம். நீங்க என்ன சொன்னீங்க?

— நான் என்ன சொல்ல முடியும்? அக்காங்கறது அவன் வாயில தெளிவா வர்ற வார்த்தை. மாத்திச் சொல்ல எனக்கு வழியில்ல. அந்த மேடமுக்கே புரிஞ்சுது. எழுதிக்கிட்டாங்க. அக்கா இப்ப எங்க இருக்காங்க தம்பின்னு கேட்டாங்க.

— வெளிநாட்டுல வேலைன்னு சொல்லியிருப்பான். அப்படித்தானே அவனுக்குத் தெரியும்.

— சொல்லல. 'அம்மாவுக்குத் தெரியும், அம்மாகிட்ட கேளுங்க'ன்னான்.

— என்கிட்டயா?

— டாக்டர் முடிச்சதும் உன்னையும் அவனையும் சேத்து உள்ள கூப்பிடுவாங்க. பொண்ணு எங்கன்னு உன்னைக் கேப்பாங்க. அவன் பக்கத்துல இருப்பான்.

— அண்ணே, நீங்க ஓடிப்போய் அந்த மேடம்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பொண்ணு ரொம்ப தூரத்துல இருக்கா, வர முடியாது, அம்மா பேரையே போட்டுக்குங்கன்னு. பொம்பளைதானே அவங்களும். புரிஞ்சுக்குவாங்க.

— கேட்டுட்டுத்தான் வரேன். கொஞ்சம் வெளிய வரீங்களா மேடம், ஒரு விஷயம்னேன். வரமாட்டேன்னுட்டாங்க. அவர் இப்ப பெரிய மனுஷர், அவரைப் பத்தின பேச்சு எதுவா இருந்தாலும் அவர் முன்னாலதான் பேசணும்னாங்க. அவன் சொன்ன பேரை மாத்தணும்னா அவன்தான் மாத்தணுமாம்.

— பெரிய மனுஷராம். காலையில நான்தான் அவனுக்குப் பல்லு விளக்கிவிட்டேன்.

— பொய் சொல்லவும் கூடாது பாப்பா. அவங்க எழுதி வச்சு, நாளைக்கு விசாரிச்சுப் பாத்தா, வர்ற தொகையும் நின்னுடும். நீ துணிக்கடையில உக்காந்து அளவு மாத்தித் தைக்கற கூலியில அவன் மருந்துகூட வாங்க முடியாது. உனக்குத் தெரியாததில்ல.

— தெரியும்.

— அப்ப இன்னிக்கு அவனுக்குச் சொல்லித்தான் ஆகணும்.

— சொல்லலாம்ணே. இங்க வேண்டாம். இந்த பிளாஸ்டிக் நாற்காலியும், டோக்கன் கூப்பிடற சத்தமும்... வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்.

— வீட்டுல ரெண்டு வருஷமா சொல்லலையே.

— ஆபரேஷன் ஆகி முதுகைக் கட்டிப் படுக்க வச்சிருந்தாங்க. அன்னிக்குத்தானே அவ வந்த பஸ் கவுந்த சேதி வந்துச்சு. அவனுக்குச் சொல்லாதீங்க, பையன் அதிர்ந்து அழுதா தையல் தாங்காதுன்னு டாக்டர்தானே சொன்னாரு. நீங்களும் கூடத்தானே நின்னீங்க.

— நின்னேன். டாக்டர் தையல் பிரியற வரைக்கும்னாரு. அப்புறம் எழுந்து உக்காரட்டும்னோம். அப்புறம் காய்ச்சல் விடட்டும்னோம். அவ்வளவுதான்னு நெனச்சேன். பெரியவளுக்கு வெளிநாட்டுல வேலை, லீவு கிடைக்கலன்னு நீ சொல்லிச் சமாளிக்கற, நாளாக நாளாக நீயே சொல்லிடுவேன்னு விட்டுட்டேன். ஒரு பொய்யை வச்சே நீ எப்படி இத்தனை நாள் ஓட்டினேன்னுதான் புரியல. அக்காகிட்ட பேசணும்னு அவன் கேக்கவேயில்லையா? ... என்ன சத்தம் அது? உன் பையிலயா?

— ஒண்ணுமில்ல.

— உன் போன் உன் கையில இருக்கு. பைக்குள்ள எது அடிக்குது?

— விடுங்கண்ணே.

— காட்டு. ... இது பெரியவ போன் இல்ல?

— பத்திரமா வைங்க. கீழ போட்டுடாதீங்க.

— உன் பையன்தான் அனுப்பியிருக்கான். இப்ப, உள்ள டாக்டர் ரூம்லேர்ந்து. 'அக்கா, உன் பேரைச் சொல்லிட்டேன்.' பாப்பா, என்ன இது?

— சக்கர நாற்காலியில மாட்டியிருக்கான்ல, அந்த போன்ல ஒரு விரலால அடிச்சு அனுப்புவான்.

— அதைக் கேக்கல. செத்துப்போன பொண்ணு போனுக்கு அனுப்பறான். அதுக்கு மேல நேத்திக்கு அவ பதில் போட்டிருக்கா. முந்தாநாள் போட்டிருக்கா. 'போடா பூனை, நீ ஆபீஸ்ல அழுதா நான் சிரிப்பேன்'னு எழுதியிருக்கு. யாரு எழுதினது?

— நாந்தான்.

— நீயா.

— அவ பை, செருப்பு எல்லாம் கட்டிக் குடுத்தப்ப இதையும் குடுத்தாங்க. கண்ணாடியில ஒரு கீறல்கூட இல்லண்ணே. ஆஸ்பத்திரி வராந்தாவுல இதைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். திடீர்னு அதிருது. உள்ள படுத்திருக்கறவன் எழுதறான். 'அக்கா, வலிக்குது. எப்ப வருவ?' அவனுக்கும் எனக்கும் நடுவுல ஒரே ஒரு கதவு. நான் என்ன பண்ணியிருக்கணும், சொல்லுங்க. 'வரேன்டா பூனை, தூங்கு'ன்னு எழுதினேன். அவ அவனைப் பூனைன்னுதான் கூப்பிடுவா. உடனே தூங்கிட்டான்னு நர்ஸ் வந்து சொன்னாங்க.

— அன்னிக்கு சரி. அப்புறம்?

— மறுநாளும் எழுதினான். நானும் எழுதினேன். அப்புறம் அது அப்படியே ஆகிப்போச்சு. கடையிலேர்ந்து வந்து, அவனுக்குச் சாப்பாடு ஊட்டிட்டு, சமையக்கட்டுக் கதவைச் சாத்திக்குவேன். அவன் கூடத்துல உக்காந்து எழுதுவான். நான் அடுப்பு மேடைகிட்ட நின்னு பதில் போடுவேன்.

— பெரியவ மாதிரியே இருக்கு. கிண்டல், சண்டை, எல்லாம்.

— நான் யோசிச்சு எழுதறதில்லண்ணே. எனக்கு அவ்வளவு நையாண்டி வராது, உங்களுக்கே தெரியும். இதைக் கையில எடுத்தா தானா வருது. என் விரலை அவ புடிச்சு எழுதற மாதிரி இருக்கும். சில நேரம் எழுதி முடிச்சுட்டு, என்ன எழுதியிருக்கான்னு நான் படிச்சுப் பாப்பேன். சிரிப்பு வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு வீட்டுல நாங்க மூணு பேர் இருப்போம்.

— எனக்கு உடம்பெல்லாம் என்னமோ பண்ணுது.

— எனக்கு அந்த நேரத்துலதான் ஒண்ணும் பண்ணாது.

— அவன் குரல் கேக்கணும்னு சொல்லலையா? போன் போட்டுப் பேசு அக்கான்னு?

— முதல்ல கேட்டான். அவ பழசா அனுப்பின குரல் ஒண்ணு இருந்துச்சு, 'சாப்பிட்டியாடா'ன்னு. அதையே ரெண்டு மூணு தடவை அனுப்பினேன். அப்புறம் இங்க சிக்னல் சரியில்லைன்னு எழுதினேன். அதோட கேக்கறதை விட்டுட்டான்.

— ஏன் விட்டான்னு யோசிச்சியா?

— புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன். சிக்னல் இல்லைங்கறதை.

— ரெண்டு வருஷம் யாருக்கும் சிக்னல் இல்லாம இருக்குமா பாப்பா?

— அதட்டாதீங்க.

— அதட்டல. கேளு. லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சுன்னா, நான் போனதும் முதல்ல கருவியை எடுக்கமாட்டேன். கதவுக்கிட்ட வாயை வச்சு, உள்ள இருக்கறவங்ககிட்ட உள்ளதைச் சொல்லுவேன். இது நின்னுடுச்சு, சரியாக நேரமாகும், ஆனா நான் இங்கயே இருக்கேன்னு. அதைக் கேட்டுட்டா அமைதியாயிடுவாங்க. இதோ ஆச்சு, இதோ ஆச்சுன்னு ஏமாத்தினாத்தான் கதவைப் பிளந்துக்கிட்டு குதிக்கப் பாப்பாங்க.

— அவனுக்குச் சொல்லிட்டா அவ செத்துடுவாண்ணே.

— அவ போயிட்டாம்மா.

— எனக்குத் தெரியாதா? துணியை விலக்கி முகத்தைப் பாத்தவ நான். நெத்தியோரம் ஒட்டியிருந்த மண்ணைத் துடைச்சுவிட்டவ நான். ஆனா பொழுது சாஞ்சதும் இது அதிருமே. அப்ப என்கிட்ட வந்து அவ போயிட்டான்னு யாராவது சொல்லட்டும், பாக்கலாம்.

— சரி. நீ சொல்லமாட்ட. நான் சொல்லிடறேன். தாய்மாமன்தானே. என்மேல கோவப்படட்டும்.

— வேண்டாம்.

— பின்ன?

— என் பொண்ணு. நாந்தான் சொல்லணும். அவளைப் பத்தி அந்தச் சொல்லை வேற யார் வாயிலயும் அவன் கேக்கக்கூடாது.

— கதவு திறக்குது. வரான். முகத்தைத் துடைச்சுக்க. ... வா மாப்ள. ஆச்சா?

— ஆச்சு மாமா.

— டாக்டர் என்ன கேட்டாரு?

— கையை... தூக்கச் சொன்னாரு. முடிஞ்ச வரைக்கும்... தூக்கினேன்.

— கண்ணு, சட்டை கோணலா இருக்கு பாரு. இப்படித் திரும்பு.

— வேண்டாம்மா. நான் போட்டது.

— சரி. இருக்கட்டும். ... மேடம் இப்ப நம்மளைக் கூப்பிடுவாங்க.

— தெரியும்.

— அக்கா எங்கன்னு என்னைக் கேக்கப் போறாங்க.

— ம்.

— அதுக்கு முன்னால உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அக்காவுக்கு அங்க வேலையில... அவங்க லீவு...

— பாப்பா.

— மாமா, நீ இரு. அம்மா... சொல்லட்டும். சொல்லும்மா. நான்... இருக்கேன்.

— அக்கா வரமாட்டா கண்ணு. அவ வெளிநாடு போகவேயில்ல. நீ ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தேல்ல, உன்னைப் பாக்கத்தான் கிளம்பி வந்தா. வர்ற வழியில பஸ் கவுந்துடுச்சு. அக்கா செத்துப்போயிட்டாடா.

— ம்.

— நான் சொன்னது கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— மாப்ள, அழணும்னா அழு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.

— அழுதாச்சு மாமா. அப்பவே.

— எப்ப கண்ணு?

— ஆஸ்பத்திரியில. தூங்கி எழுந்தப்ப... வராந்தாவுல நீ... அழுத. அந்தக் கதவு... சரியா மூடாது. அக்கா பேரைச் சொல்லிச் சொல்லி... அழுத.

— அன்னிக்கேவா? அன்னிக்கே உனக்குத் தெரியுமா?

— ம்.

— தெரிஞ்சுக்கிட்டேவா உள்ள அவ பேரைக் குடுத்த? ஏண்டா என்னை இப்படி நிக்க வச்ச?

— நீயா சொல்லுவேன்னு... பாத்தேன். சொல்லல. நான் சொன்னா... உனக்குத் தாங்காது. இங்க கேட்டா... நீ சொல்லித்தானே ஆகணும். இப்ப மேடம்கிட்ட... உன் பேரைச் சொல்றேன்.

— எனக்குப் புரியல மாப்ள. அக்கா இல்லைன்னு உனக்குத் தெரியும். இந்த போனை வச்சுக்கிட்டுப் பதில் எழுதறது அம்மான்னும் தெரிஞ்சிருக்கும். பின்ன ஏன் ரெண்டு வருஷமா தினமும் எழுதின?

— ஒரு நாள்... எழுதாம இருந்து பாத்தேன் மாமா. அன்னிக்கு அம்மா... சாப்பிடவேயில்ல.